இரைநிலமும் ஈனுநிலமும்: கரைவாழ் பறவைகளின் குஞ்சு வளர்ப்பு – ரஞ்சன்குடி, கரைவெட்டிச் சூழலை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

கடலையும் நீர்நிலைக் கரையையும் சார்ந்து வாழும் பறவைகள் இரை தேடும் இடமும் குஞ்சு பொரிக்கும் இடமும் பெரும்பாலும் வேறுவேறானவை. இவ்விரண்டையும் முறையே இரைநிலம், ஈனுநிலம் எனப் பெயரிட்டு, இவற்றுக்கு இடைப்பட்ட தொலைவும் காலப் பொருத்தமும் குஞ்சின் பிழைப்பை எவ்வாறு தீர்மானிக்கின்றன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. ஆலா, கடற்காகம், கூழைக்கடா, ஆள்காட்டி, உப்புக்கொத்தி ஆகியவற்றின் இரை ஊட்டும் முறைகள் மூவகையாகப் பகுக்கப்படுகின்றன. கடலற்ற பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் நீர்நிலைகள் இப்பறவைகளின் வாழ்க்கையில் பெறும் இடம் சுட்டப்படுகிறது. கூட்டை மட்டும் காப்பது பறவையைக் காப்பதாகாது என்பது கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: கரைவாழ் பறவைகள், ஆலா, ஈனில், இரைநிலம், ஈனுநிலம், கரைவெட்டி, ரஞ்சன்குடி, நெய்தல், மருதம்.

முன்னுரை

தமிழ் இலக்கண மரபு பறவையை நிலத்தின் கருப்பொருளாகக் கொள்கிறது. கடற்காகத்தை நெய்தலுக்கும், நாரை, கம்புள், குருகு முதலியவற்றை மருதத்திற்கும் உரிய புள்ளாகப் பிற்கால அகப்பொருள் நூல்கள் வகுத்தன. ஒரு பறவைக்கு ஒரு நிலம் என்னும் இப்பகுப்பு, பாட்டின் உரிப்பொருளுக்கு அரணாக அமைவது. பறவையின் வாழ்வியலை நோக்கினால் வேறொரு நிலை புலப்படுகிறது. நீர்சார் பறவைகளுள் பலவற்றுக்கு நிலம் இரண்டு. ஒன்று அவை உண்ணும் இடம். மற்றொன்று அவை ஈனும் இடம். இவ்விரண்டும் சில பறவைகளுக்கு ஒரே கரையிலும், சிலவற்றுக்குச் சில கிலோமீட்டர் இடைவெளியிலும், இன்னும் சிலவற்றுக்கு இமயத்தின் இருபுறமுமாகவும் அமைகின்றன.

முட்டையிடுவதற்கென அமைக்கப்படும் கூட்டினை ‘ஈனில்’ என்னும் சொல்லால் குறுந்தொகை குறிக்கிறது. சூல் முதிர்ந்த பேடைக்காகக் குருவிச் சேவல் கூடமைக்கும் செய்தியில் இச்சொல் இடம்பெறுகிறது. உறைவிடத்திலிருந்து ஈனும் இடத்தைப் பிரித்துக் கூறும் அச்சொல்லின் அடியொற்றியே ‘ஈனுநிலம்’ என்னும் ஆட்சி இங்கு மேற்கொள்ளப்படுகிறது.

1. கடலற்ற நிலத்தில் கடற்பறவை

ரஞ்சன்குடி, பெரம்பலூருக்கு வடக்கே சென்னை – திருச்சிராப்பள்ளி நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்த கோட்டையூர். வறண்ட மானாவாரி நிலங்களும், மழைநீர் தேங்கும் ஏரி குளங்களும் சூழ்ந்த இவ்வூரிலிருந்து கடற்கரை வெகு தொலைவு. ஆயினும் இம்மாவட்டங்களின் கிழக்குப் பகுதி ஒரு காலத்தில் கடலாக இருந்தது. ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட கிரெட்டேசியக் காலக் கடற்படிவுகளைக் காரை, அரியலூர்ப் பகுதிகளில் காணலாம். சாத்தனூரில் பாதுகாக்கப்படும் ஏறத்தாழ 18 மீட்டர் நீளமுள்ள கல்மரமும் அக்காலத்தின் எச்சமே. அக்கடல் பின்வாங்கிவிட்டது. இன்று இப்பகுதிக்கு நீர்ப்பறவைகளை ஈர்ப்பவை மனிதர் அமைத்த ஏரிகளே.

அவற்றுள் தலையாயது அரியலூர் மாவட்டத்தின் கரைவெட்டி ஏரி. ஏறத்தாழ 454 எக்டேர் பரப்புடைய இவ்வேரி 1999 இல் பறவைகள் புகலிடமாக அறிவிக்கப்பட்டது. 2024 ஜனவரியில் ராம்சார் நிலமாகவும் ஏற்கப்பெற்றது. வடகிழக்குப் பருவமழையும், புள்ளம்பாடி வாய்க்கால் வழியே வரும் மேட்டூர் அணை நீரும் இதனை நிரப்புகின்றன. குளிர்காலத்தில் வரித்தலை வாத்து, ஊசிவால் வாத்து, கிளுவை முதலியன இங்கு வந்து தங்குகின்றன.

‘கடற்பறவை’ என்னும் பெயர் இவ்விடத்தில் சற்று நெகிழ்கிறது. ஆலாக்கள் கடற்பறவைக் குடும்பத்தைச் சார்ந்தவை. எனினும் அவற்றுள் மீசை ஆலா குளிர்காலத்தில் தமிழகத்தின் உள்நாட்டு ஏரிகளின் மேல் பறந்து இரை தேடுவது. ஆற்று ஆலா ஆறுகளையும் நீர்த்தேக்கங்களையும் விட்டுப் பெரும்பாலும் நீங்காதது. ஆகவே இக்கட்டுரை கடல், ஆறு, ஏரி என்னும் வேறுபாட்டைவிடக் ‘கரை’ என்னும் பொதுமையையே அடிப்படையாகக் கொள்கிறது. நீரும் நிலமும் கூடும் எல்லையில் உண்டு, அவ்வெல்லையிலோ அதன் அருகிலோ ஈனும் பறவைகளே இங்குக் கரைவாழ் பறவைகள் எனப்படுகின்றன.

2. இரை தேடும் முறைகள்

இரை ஊட்டும் முறையை விளங்கிக்கொள்ள இரை தேடும் முறையை முதற்கண் அறிதல் வேண்டும். பறவையின் அலகும் காலும் எவ்வகை இரையைப் பற்ற இயலும் என்பதை வரையறுக்கின்றன. அவ்விரையின் அளவும் தன்மையும், அதைக் குஞ்சிடம் எவ்வாறு கொண்டு சேர்ப்பது என்பதை வரையறுக்கின்றன.

ஆலா கூரிய அலகும் நீண்ட ஒடுங்கிய சிறகும் உடையது. நீரின் மேலே சிறகடித்தபடி ஓரிடத்தில் நின்று, கீழே நோக்கி, மீனைக் கண்டதும் தலைகீழாகப் பாய்ந்து கவ்வும். ஆழத்தில் மூழ்கி நீந்தும் ஆற்றல் அதற்கில்லை. எனவே நீர்ப்பரப்பை ஒட்டி வரும் சிறு மீன்களே அதன் இரை. நீர் கலங்கினாலோ, பரப்பை ஆகாயத்தாமரை மூடினாலோ அதனால் வேட்டையாட இயலாது. மீசை ஆலா நீரில் முழுதும் பாயாமல் பரப்பின் மேலுள்ள பூச்சிகளையும் சிறு மீன்களையும் தாழப் பறந்து கொத்திச் செல்லும்.

கடற்காகம் எதையும் உண்ணும். மீன், நண்டு, புழு, வலையிலிருந்து எறியப்படும் கழிவு, பிற பறவைகளின் முட்டை ஆகிய அனைத்தும் அதற்கு உணவாகும். கூழைக்கடா தன் அலகுப்பையை வலைபோல் விரித்து மீனை நீருடன் அள்ளி, நீரை வடித்துவிட்டு விழுங்கும். அப்பையில் மீனைச் சேமித்துக் கூட்டுக்குக் கொண்டுசெல்வதாகப் பரவலாகக் கருதப்படுகிறது. உண்மையில் பை மீன்பிடிக்கும் கருவி மட்டுமே. இரை உணவுக்குழாயிலும் இரைப்பையிலுமே எடுத்துச் செல்லப்படுகிறது.

ஆள்காட்டி, உப்புக்கொத்தி, நெடுங்கால் உள்ளான் ஆகியன கரையின் ஈரத்திலும் ஆழமற்ற நீரிலும் நடந்து பூச்சி, புழு, சிறு நத்தை முதலியவற்றைக் கொத்துவன. இவற்றின் இரை மிகச் சிறியது. ஆனால் எங்கும் சிதறிக் கிடப்பது.

கடலில் உண்ணும் பறவைகளுக்கு உப்பு மற்றொரு சிக்கல். கண்ணுக்கு மேலமைந்த உப்புச் சுரப்பிகள் மிகுதியான உப்பைச் செறிந்த நீராகப் பிரித்து நாசி வழியே வெளியேற்றுகின்றன. இதனை 1950களின் இறுதியில் நுட் ஸ்மித்-நீல்சன் என்னும் உடலியலாளர் ஆய்வின்வழி நிறுவினார். இவ்வாற்றல் எல்லா நீர்ப்பறவைக் குஞ்சுகளுக்கும் ஒரே அளவில் வாய்ப்பதில்லை. அமெரிக்காவின் தென் கரோலினாக் கடற்கரையில் ஈனும் வெள்ளை அரிவாள்மூக்கன்களை ஆராய்ந்தோர், உவர்நீர் நண்டை உண்ட குஞ்சுகள் எடை குன்றுவதையும், பெற்றோர் அருகில் நண்டு மலிந்திருந்தும் தொலைவிலுள்ள நன்னீர் நிலங்களுக்குச் சென்று இரை கொணர்வதையும் கண்டனர். கடற்கரைக் கூட்டின் வளம் உள்நாட்டு நன்னீரைச் சார்ந்திருக்கக்கூடும் என்பதற்கு இது தக்க சான்றாகும்.

3. ஈனுநிலத்தின் தெரிவு

கூடு கட்டும் இடத்தைத் தெரிவதில் கரைவாழ் பறவைகள் இரு வழிகளைப் பின்பற்றுகின்றன. ஒன்று மரம், மற்றொன்று வெறுந்தரை.

கூழைக்கடா, மஞ்சள் மூக்கு நாரை, கொக்கு, நீர்க்காகம் ஆகியன நீரில் நிற்கும் மரங்களிலோ நீர்சூழ் ஊர்களின் மரங்களிலோ கூட்டமாகக் கூடமைக்கின்றன. திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளமும் செங்கல்பட்டு மாவட்டத்து வேடந்தாங்கலும் இதற்குச் சான்று. மரத்தைச் சூழ்ந்த நீரே நரி, நாய், பூனை முதலியவற்றிலிருந்து குஞ்சைக் காக்கும் அகழி. ரஞ்சன்குடிக் கோட்டையைச் சுற்றி வெட்டப்பட்ட அகழி செய்த பணியை இங்கு ஏரிநீர் செய்கிறது. நீர் முன்கூட்டியே வற்றினால் அரண் அழிகிறது, இரையும் அருகுகிறது. அந்நிலையில் பெற்றோர் கூட்டைக் கைவிடுவதுண்டு.

ஆலா, உப்புக்கொத்தி, ஆள்காட்டி ஆகியன வெறுந்தரையை நாடுகின்றன. மணலில் நெஞ்சை அழுத்திச் சுழன்று ஏற்படுத்தும் சிறு குழியே ஆலாவின் கூடு. சில வேளைகளில் சிப்பித் துண்டுகள் அதனருகே இடப்பட்டிருக்கும். ஆள்காட்டி சரளை நிலத்தில் சிறு குழி பறித்து, அதைச் சுற்றிக் கூழாங்கற்களையோ ஆட்டுப் புழுக்கைகளையோ வைத்துக்கொள்ளும். பெரம்பலூர் வட்டாரத்தின் சரளைத் தரிசுகளும் அறுவடைக்குப் பிந்திய வயல்களும் இவ்வகைக் கூட்டுக்கு இயல்பாகப் பொருந்துவன.

தரைக்கூடு எளிய இரையெனத் தோன்றினும் அதற்கென மூன்று பாதுகாப்புகள் உண்டு. முதலாவது, மறைவு. மணலையும் கல்லையும் ஒத்த நிறமும் புள்ளிகளும் முட்டையைக் கண்ணுக்குப் புலப்படாமல் ஆக்குகின்றன. இரண்டாவது, தனிமை. கடலாலோ ஆற்றாலோ சூழப்பட்ட திட்டுகளை ஆலாக்கள் தெரிவு செய்கின்றன. இராமேசுவரத்திற்கும் இலங்கைக்கும் இடைப்பட்ட ஆதம் பாலத்தின் மணல்திட்டுகளில் ஆலாக்கள் ஈனுகின்றன. கர்நாடகத்தின் பத்ரா நீர்த்தேக்கத்தில் கோடையில் நீர் இறங்கும்போது தலைகாட்டும் தீவுகளில் ஆற்று ஆலாக்கள் பெருங்கூட்டமாகக் கூடுகின்றன. மூன்றாவது, ஒற்றுமை. பகை நெருங்கினால் கூட்டம் முழுவதும் எழுந்து கூச்சலிட்டு, பாய்ந்து கொத்தி, எச்சமிட்டு விரட்டும். தனித்து ஈனும் ஆள்காட்டியோ வேறு உத்தியைக் கையாள்கிறது. வருவோரைக் கண்டு முன்னரே உரத்துக் குரல் எழுப்புவதால்தான் அதற்கு அப்பெயர் அமைந்தது. சில வேளைகளில் சிறகு ஒடிந்தது போலத் தரையில் இழுத்து நடந்து, பகையைக் கூட்டிலிருந்து வேறு திசைக்கு ஈர்த்துச் செல்லும்.

4. அடைகாத்தல்: வெப்பமும் நிழலும்

துணை தேடும் காலத்தில் ஆலாச் சேவல் ஒரு மீனைக் கவ்விக்கொண்டு பேடையிடம் வந்து கொடுக்கும். இது வெறும் காதல் சடங்கன்று. முட்டை உருவாகும் காலத்தில் பேடைக்கு வேண்டிய கூடுதல் உணவு இவ்வழியே கிடைக்கிறது. நாளை குஞ்சுக்கு இரை கொணரும் திறன் சேவலுக்கு உண்டா என்பதையும் பேடை இதன்வழி அறிய இயல்கிறது.

சிறு ஆலா 2 அல்லது 3 முட்டைகளையும், பெரிய கொண்டை ஆலா பெரும்பாலும் ஒரே முட்டையையும், ஆள்காட்டியும் நெடுங்கால் உள்ளானும் வழக்கமாக 4 முட்டைகளையும் இடுகின்றன. சிறு ஆலா ஏறத்தாழ மூன்று வாரமும், பெரிய கொண்டை ஆலாவும் ஆள்காட்டியும் ஏறத்தாழ நான்கு வாரமும் அடைகாக்கின்றன. பெற்றோர் இருவரும் மாறி மாறி இப்பணியைச் செய்கின்றனர்.

அடைகாத்தல் என்றவுடன் வெப்பமூட்டுதலே நினைவுக்கு வருகிறது. குளிர்நாட்டுப் பறவையியல் நூல்கள் வற்புறுத்துவதும் அதனையே. தமிழகக் கோடையில் நிலைமை மாறுபட்டது. நண்பகலில் காய்ந்த மணற்பரப்பின் வெப்பம் 50 பாகை செல்சியசைக் கடப்பதுண்டு. முட்டைக்குள் வளரும் கருவோ ஏறத்தாழ 36 முதல் 38 பாகை வரையுள்ள வெப்பத்திலேயே நன்கு வளரும். ஆதலின் இங்கு பறவை முட்டையின் மேல் அமர்வது பல வேளைகளில் நிழல் தருவதற்காகவே. ஆள்காட்டியும் ஆலாக்களும் உப்புக்கொத்திகளும் நீரில் வயிற்றுத் தூவியை நனைத்துவந்து முட்டையையும் குஞ்சையும் குளிர்விப்பதைப் பறவையியலாளர் பதிவு செய்துள்ளனர். மஞ்சள் மூக்கு நாரை சிறகை விரித்து நின்று குஞ்சுக்கு நிழல் தருகிறது.

இதனால் ஓர் உண்மை பெறப்படுகிறது. கூட்டருகே மனிதர் வந்து நிற்கும்போது முட்டையைத் தொடாவிடினும் தீங்கு நேர்கிறது. பெற்றோர் எழுந்து பறந்து, ஆள் விலகும்வரை திரும்புவதில்லை. நண்பகல் வெயிலில் சில நிமிடங்கள் திறந்து கிடந்தாலே கரு இறக்கக்கூடும். பறவையைக் காண வரும் ஆர்வலரும் ஒளிப்படக் கலைஞரும் கருத்தில் கொள்ள வேண்டிய செய்தி இது.

5. இரை ஊட்டும் மூவகை முறைகள்

பொரிந்து வெளிவரும் குஞ்சின் நிலை எல்லாப் பறவைகளுக்கும் ஒன்றன்று. கண் மூடி, தூவியின்றி, கூட்டிலேயே கிடப்பவை ஒருவகை. கண் திறந்து, மென்தூவி போர்த்தி, சில மணி நேரத்திலேயே நடந்து தாமே இரை கொத்துபவை மற்றொரு வகை. இவ்விரண்டுக்கும் இடைப்பட்டு, நடக்க இயன்றும் பெற்றோர் ஊட்டினாலன்றி உண்ண இயலாதவை மூன்றாம் வகை. இவற்றை முறையே கூடுறை குஞ்சு, தன்னூண் குஞ்சு, இடைநிலைக் குஞ்சு எனலாம்.

5.1. கவ்விக் கொணர்தல்

ஆலாவின் குஞ்சு இடைநிலையைச் சார்ந்தது. பெற்றோர் பெரும்பாலும் ஒரு பயணத்திற்கு ஒரு மீனாக அலகின் குறுக்கே கவ்விக் கொணர்கின்றனர். குஞ்சு அம்மீனைத் தலைப்புறமாகத் திருப்பி விழுங்கும். அவ்வாறு விழுங்கினால்தான் செதிலும் முள்ளும் தொண்டையில் எதிர்க்காமல் இறங்கும். பிறந்த சில நாட்களில் நூல்போன்ற சிறு மீன்களையும், வளர வளரப் பெரிய மீன்களையும் பெற்றோர் தெரிந்தெடுக்கின்றனர். மீன் அளவுக்கு மீறிப் பெரிதாக இருப்பின், குஞ்சால் விழுங்க இயலாமல் அது வீணாகும். அல்லது அண்டை ஆலாவோ காக்கையோ பறித்துச் செல்லும். எனவே இரைநிலத்தில் மீன் இருப்பது மட்டும் போதாது. குஞ்சின் வாய்க்கு ஏற்ற அளவில் மீன் இருக்க வேண்டும். ஏரியிலும் கழிமுகத்திலும் சிறு மீன்களையும் மீன்குஞ்சுகளையும் நுண்கண் வலையால் வாரி எடுக்குமிடத்து முதலில் பசிப்பது ஆலாக் குஞ்சே.

நெருங்கி அமைந்த பல கூடுகளின் நடுவே பெற்றோர் தம் குஞ்சை எவ்வாறு அறிகின்றனர் என்னும் வினா எழுகிறது. பெரிய கொண்டை ஆலாவின் குஞ்சுகள் சில நாள் வளர்ந்தபின் கூட்டத்தோடு ஒன்றுசேர்ந்து திரள்கின்றன. மீனுடன் வரும் தாயோ தந்தையோ குரல் கொடுக்க, அக்குரலுக்குரிய குஞ்சு திரளிலிருந்து பிரிந்து ஓடிவரும். பிற குஞ்சுகள் வாய் திறந்தாலும் மீன் கிடைப்பதில்லை. குரலே இங்கு அடையாளம்.

5.2. கக்கி ஊட்டுதல்

கடற்காகமும் கூழைக்கடாவும் இரையை விழுங்கி வந்து, பாதி செரித்த நிலையில் வெளிக்கொணர்ந்து ஊட்டுகின்றன. இம்முறையால் ஒரே பயணத்தில் மிகுதியான இரையைக் கொணர இயலும். வழியில் பறிபோகும் அச்சமும் இல்லை. கூழைக்கடாவின் குஞ்சு கூடுறை வகை. தொடக்கத்தில் பெற்றோரின் அலகு வழியே வடியும் கூழை உண்ணும். வளர்ந்தபின் தன் தலையைப் பெற்றோரின் தொண்டைக்குள் நுழைத்து இரையை எடுத்துக்கொள்ளும். அக்காட்சியே, கூழைக்கடா தன் குருதியைக் குஞ்சுக்கு ஊட்டுகிறது என்னும் இடைக்கால ஐரோப்பியக் கதைக்கு வித்திட்டது என்பர்.

கடற்காகம் இரை ஊட்டுவதில் உள்ள நுட்பத்தை வெளிப்படுத்தியவர் நிக்கோ டின்பெர்கன். வெள்ளிக் கடற்காகத்தின் மஞ்சள் அலகில் ஒரு சிவப்புப் புள்ளி உண்டு. குஞ்சு அப்புள்ளியைக் கொத்தினால் பெற்றோர் இரையை வெளிக்கொணர்கின்றனர். அட்டையில் செய்த போலி அலகுகளைக் காட்டியே அவர் இதனைச் சோதித்தார். குஞ்சு பொரிந்ததும் முட்டையோட்டைக் கூட்டிலிருந்து அகற்றும் கடற்காகத்தின் பழக்கமும் அவரது ஆய்வுப் பொருளாயிற்று. ஓட்டின் வெண்மையான உட்புறம் பகைக்குக் கூட்டைக் காட்டிக்கொடுப்பதை 1962 இல் வெளியான ஆய்வில் அவரும் உடனாய்வாளரும் நிறுவினர். 1973 இல் அவருக்குக் கன்ராட் லொரன்ஸ், கார்ல் வான் பிரிஷ் ஆகியோருடன் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

நெய்தல் நிலப் புள்ளாகச் சுட்டப்பெறும் கடற்காகம் என்னும் பெயர் இன்று வழங்கும் இப்பறவைகள், தமிழகக் கரையில் ஈனுவதில்லை என்பது இங்கு நோக்கத்தக்கது. குளிர்காலத்தில் இங்கு மிகுதியாகக் காணப்படும் பழுப்புத் தலைக் கடற்காகம், லடாக், திபெத் போன்ற உயர்நில ஏரிகளில் குஞ்சு பொரித்துவிட்டு வருவது. கரைவெட்டிக்கு வரும் வரித்தலை வாத்தின் ஈனுநிலமும் அத்தகைய நடு ஆசிய உயர்நிலங்களே. இவற்றுக்குத் தமிழ்நிலம் இரைநிலம் மட்டுமே. ஆயினும் இங்குத் தேடிக்கொள்ளும் கொழுப்பே வடக்கு நோக்கிய பயணத்திற்கும் அங்கு இடும் முட்டைக்கும் முதலாகிறது.

5.3. ஊட்டாது காத்தல்

ஆள்காட்டி, உப்புக்கொத்தி, நெடுங்கால் உள்ளான் ஆகியவற்றின் குஞ்சு தன்னூண் வகை. தூவி உலர்ந்த சில மணி நேரத்தில் கூட்டை விட்டு நடக்கத் தொடங்கித் தானே பூச்சியைக் கொத்துகிறது. பெற்றோர் இரை ஊட்டுவதில்லை. இரை உள்ள இடத்திற்கு அழைத்துச் செல்கின்றனர், நிழல் தருகின்றனர், பகை வரின் எச்சரிக்கின்றனர். எச்சரிக்கைக் குரல் கேட்டதும் குஞ்சு இருந்த இடத்திலேயே தரையோடு படிந்து அசையாமல் கிடக்கும். இவ்வகைப் பறவைகளுக்கு ஈனுநிலமும் இரைநிலமும் குஞ்சின் காலடித் தொலைவிலேயே அமைதல் இன்றியமையாதது. கூட்டுக்கும் ஈரக்கரைக்கும் நடுவே ஒரு சுவரோ, ஆழ்ந்த காங்கிரீட் கால்வாயோ எழுப்பப்பட்டால் பறக்கும் பெற்றோர் அதனைக் கடப்பர். குஞ்சால் கடக்க இயலாது.

தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் நிலையாக வாழ்ந்து ஈனும் ஒருவகை உப்புக்கொத்தி, நெடுங்காலம் கென்டிஷ் உப்புக்கொத்தியின் உள்ளினமாகவே கருதப்பட்டது. மரபணு, உருவ ஆய்வுகளின் அடிப்படையில் 2023 இல் அது அனுமன் உப்புக்கொத்தி என்னும் தனியினமாக நிறுவப்பட்டது. வலசை வரும் பறவைக்கு மாற்றுக் கரைகள் இருக்கலாம்; இக்கரைகளிலேயே பிறந்து இக்கரைகளிலேயே ஈனும் பறவைக்கு அவ்வாய்ப்பு இல்லை. இப்பகுப்பின் பயன் பெயரளவில் நிற்பதன்று என்பதற்கு இதுவே காரணம்.

6. தொலைவின் கணக்கு

மேற்கண்ட மூவகையுள் தொலைவால் மிகுதியும் பாதிக்கப்படுவது முதல் வகையாகும். ஒரு பயணத்திற்கு ஒரு மீன் என்னும் வரம்பே அதற்குக் காரணம். இதனை ஓர் எளிய கணக்கால் விளக்கலாம். ஆலாவின் பறக்கும் வேகம் மணிக்கு 36 கி.மீ. எனக் கொள்வோம். ஒரு கிலோமீட்டரைக் கடக்க 100 நொடி ஆகும். இரைநிலம் 2 கி.மீ. தொலைவில் இருந்தால் சென்று திரும்ப 400 நொடி, அதாவது ஏழு நிமிடத்திற்கும் குறைவு. அதுவே 10 கி.மீ. தொலைவில் இருந்தால் 2,000 நொடி, ஏறத்தாழ 33 நிமிடம். 12 மணி நேரப் பகலில், மீன்பிடிக்கும் நேரத்தைக் கணக்கில் சேர்க்காமலே, முதல் நிலையில் 108 பயணங்களுக்கு வாய்ப்புண்டு. இரண்டாம் நிலையில் 21 பயணங்களுக்கே வாய்ப்புண்டு. மூன்று குஞ்சுகளுள் எத்தனை பிழைக்கும் என்பதை இவ்வேறுபாடே முடிவு செய்யும். கூடு சிறிதும் சிதையாமல் இருக்க, இரைநிலம் விலகிச் சென்றதாலேயே குஞ்சுகள் இறக்கக்கூடும்.

வெப்பமண்டலத் தீவுகளில் பெருந்திரளாக ஈனும் கடற்பறவைகள், தம் கூட்டைச் சுற்றியுள்ள கடற்பகுதியின் இரையைத் தாமே குறைத்துவிடுகின்றன என்னும் கருத்தை பிலிப் அஷ்மோல் 1963 இல் முன்வைத்தார். கூட்டம் பெருகப் பெருக அருகிலுள்ள இரை குன்றும், பயணம் நீளும், குஞ்சின் வளர்ச்சி தடைப்படும். ஒரு பறவை எத்தனை முட்டை இடுகிறது என்பது, பெற்றோர் ஊட்டி வளர்க்க இயலும் குஞ்சுகளின் எண்ணிக்கையோடு தொடர்புடையது என்னும் டேவிட் லாக்கின் கருத்தும் இதனோடு இணைத்துக் காணத்தக்கது. தொலைகடல் சென்று மீன் கொணரும் ஆலாக்கள் ஒரு முட்டையும், கரையருகே வேட்டையாடும் சிறு ஆலா இரண்டு மூன்று முட்டையும் இடுவது இவ்வழியே விளக்கம் பெறுகிறது.

தொலைவைப் போலவே காலமும் கருதத்தக்கது. ஆற்று ஆலா மார்ச் முதல் மே வரை, நீர் குறைந்து திட்டுகள் வெளிப்படும் காலத்தில் ஈனுகிறது. நீர் குறைவதால் திட்டு கிடைக்கிறது. மீனும் ஒடுங்கிய நீரில் செறிந்து எளிதில் அகப்படுகிறது. இரண்டு நிலங்களும் ஒருங்கே கைகூடும் குறுகிய காலம் அது. எதிர்பாராத கோடைமழையாலோ அணைநீர்த் திறப்பாலோ நீர்மட்டம் ஓரிரு அடி உயர்ந்தால் கூட்டம் முழுவதும் மூழ்கிவிடும். மேட்டூர் அணை ஜூன் 12 இல் திறக்கப்படும் மரபு வேளாண்மைக்காக ஏற்பட்டது. அந்நாளுக்கு முன் பறந்துவிடும் குஞ்சுக்கும், பிந்திப் பொரிந்து தரையிலேயே இருக்கும் குஞ்சுக்கும் ஊழ் வேறுவேறு. மரத்தில் ஈனும் கூழைக்கடாவுக்கும் நாரைக்கும் இதன் மறுதலையே பொருந்தும். பருவமழைக்குப் பின் நிறைந்த நீர், குஞ்சுகள் பறக்கும்வரை நிலைத்திருத்தல் அவற்றுக்கு வேண்டும்.

7. இடர்களும் காப்பும்

ஆற்று ஆலாவைப் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அழிவாய்ப்புள்ள இனங்களுள் ஒன்றாக வைத்துள்ளது. மணல் அள்ளுதல், திட்டுகளில் கால்நடையும் நாயும் புகுதல், காக்கை பெருகுதல், நீர்மட்டம் திடீரென மாறுதல் ஆகியன ஈனுநிலத்தின் இடர்கள். நீர் மாசடைதல், ஆகாயத்தாமரை படர்தல், சிறு மீன் அருகுதல், சிறு குளங்கள் தூர்ந்து போதல் ஆகியன இரைநிலத்தின் இடர்கள். முதல்வகை இடர்கள் கண்ணுக்குப் புலனாவன. உடைந்த முட்டையும் இறந்த குஞ்சும் சான்றாகக் கிடைக்கும். இரண்டாம் வகை இடர்கள் புலனாகாமல் நிகழ்வன. பசியால் மெலிந்த குஞ்சு கூட்டிலேயே மடியும். அல்லது அவ்வாண்டு பறவைகள் ஈனாமலே சென்றுவிடும். காரணம் பல கிலோமீட்டர் அப்பால் தூர்ந்த ஒரு குளமாக இருக்கலாம்.

புகலிடங்களை அறிவிக்கும் முறை பெரும்பாலும் ஓர் ஏரியின் எல்லையை வரைந்து அதற்குள் காப்பது. அது வேண்டுவதே, ஆயின் போதுமானதன்று. கரைவெட்டியின் எல்லைக்குள் இரவு தங்கும் வாத்து, வெளியேயுள்ள வயல்களிலும் மேய்கிறது. ஏரியருகே ஈனும் ஆள்காட்டிக்குத் தரிசு வேண்டும். ரஞ்சன்குடி வட்டாரத்தின் சிறு ஏரிகளுக்குப் புகலிடம் என்னும் பெயர் இல்லை. எனினும் வலசைக்கும் குஞ்சு வளர்ப்புக்கும் இடையே அவை தாங்கு நிலங்களாகின்றன. வேளாண் மக்கள் இத்தொடர்பை முன்பே உணர்ந்திருந்தனர். பறவைகளின் எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாவதைக் கண்ட வேடந்தாங்கல் மக்கள், 18 ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே பறவைகளைச் சுடுவதற்குத் தடை பெற்றனர். மீனாக இரைநிலத்திலிருந்து எடுக்கப்பட்ட வளம், எச்சமாக ஈனுநிலத்தில் இறங்கி, நெல்லாக மீளும் சுழற்சியை அவர்கள் பட்டறிவால் அறிந்திருந்தனர்.

முடிவுரை

மேற்கண்ட விளக்கத்தால் பெறப்படுவன வருமாறு:

• கரைவாழ் பறவைகளுக்கு இரைநிலமும் ஈனுநிலமும் தனித்தனியே அமைவதுண்டு. ஒரு பறவையை ஒரே நிலத்துக்கு உரியதாகக் கொள்வது இலக்கிய மரபுக்குப் பொருந்தும். பாதுகாப்புத் திட்டத்துக்குப் பொருந்தாது.

• கவ்விக் கொணரும் ஆலாவுக்கு இரைநிலம் அண்மையில் இருத்தல் வேண்டும். கக்கி ஊட்டும் கூழைக்கடாவுக்குத் தொலைவைவிட நீர் நிலைத்திருத்தல் வேண்டும். தானே உண்ணும் ஆள்காட்டிக் குஞ்சுக்குக் கூட்டிலிருந்து ஈரக்கரை வரை தடையற்ற வழி வேண்டும்.

• தமிழகக் கோடையில் அடைகாத்தல் பெரும்பாலும் நிழல் தரும் பணியாதலின், கூட்டருகே மனிதர் நிற்பதே கேடு விளைவிக்கும்.

• நீர் திறப்பு, மீன்பிடிப்பு, தூர்வாரல் ஆகியவற்றின் காலத்தை வரையறுக்கும்போது ஈனும் பருவத்தையும் கருதுதல் இன்றியமையாதது.

நெய்தலையும் மருதத்தையும் இலக்கணம் பிரித்து வைத்தது. ஆலாவோ ஒரு மீனைக் கவ்வியபடி அவ்வெல்லையை நாள்தோறும் பலமுறை கடக்கிறது. அப்பயணத்தின் இரு முனைகளும் காக்கப்படும்வரையில்தான் மணற்குழியில் வாய் திறந்து காத்திருக்கும் குஞ்சுக்கு இரை கிட்டும்.